எண்ணும் எடுத்துரைப்பும்: ஆஸ்டின் டவுன் தமிழர் வரலாறும் ஆய்வுநெறிச் சிக்கல்களும்

பெங்களூரின் பழைய தண்டுப் பகுதியைச் சார்ந்த குடியிருப்புகளுள் ஆஸ்டின் டவுன் ஒன்று. ரிச்மண்ட் டவுன், நீலசந்திரா, விவேக்நகர், வண்ணாரப்பேட்டை ஆகியவற்றை அண்டை இடங்களாகக் கொண்ட இப்பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். கன்னட - ஆங்கில அகராதியை 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட செருமானிய அறிஞர் ஃபெர்டினாண்டு கிட்டெலின் நினைவாக இதற்குக் கிட்டெல் நகர் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் மக்கள் வழக்கில் இன்றும் ஆஸ்டின் டவுன் என்ற பெயரே நிலவுகிறது. ஆவணத்தை மட்டும் நோக்குபவர்க்குப் புதிய பெயரும், தெருவில் நின்று கேட்பவர்க்குப் பழைய பெயரும் கிடைக்கும். ஒரே இடத்தைப் பற்றிய இவ்விரு தரவுகளுள் எதை ஆய்வாளர் எடுத்துக்கொள்வது, எதற்காக எடுத்துக்கொள்வது என்னும் வினா இவ்விடத்தேயே தொடங்கிவிடுகிறது.

அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு என இருவகை நெறிகளைத் தமிழ்த்துறைகளின் ஆய்வியல் பாடநூல்கள் விளக்குகின்றன. எத்தனை, எவ்வளவு, எந்த விகிதத்தில் என்பன அளவுசார் ஆய்வின் வினாக்கள். எவ்வாறு, ஏன், யாருக்கு என்ன பொருளில் என்பன பண்புசார் ஆய்வின் வினாக்கள். முன்னது வினாநிரல், மாதிரி, அட்டவணை ஆகியவற்றைச் சார்ந்தது; பின்னது நேர்காணல், பங்கேற்று உற்றுநோக்கல், வாழ்க்கை வரலாறு, வாய்மொழி வரலாறு ஆகியவற்றைச் சார்ந்தது. பாடநூல் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட பகுதியின் வரலாற்றை எழுதப் புகும்போது இந்நெறிகள் எங்கே மோதுகின்றன, எங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதை ஆஸ்டின் டவுனை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்டும் தமிழரும்

ஆங்கிலேயப் படைகளுக்கான பெங்களூர்த் தண்டு 1809ஆம் ஆண்டில் உருவாயிற்று. கன்னடத்தில் 'தண்டு' என வழங்கும் இச்சொல் படை என்னும் பொருளில் தமிழிலும் பழையது என்பதைத் தமிழறிஞர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சென்னை மாகாணப் படைப்பிரிவுகளோடும், அவற்றைச் சார்ந்த வணிகம், கட்டுமானம், வீட்டுவேலை முதலிய தொழில்களோடும் தமிழர் இங்கு வந்து குடியேறினர். சென்னைச் சாப்பர் படைப்பிரிவு 1834 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. அட்டாரா கச்சேரிக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரரும் 1873இல் பள்ளி நிறுவியவருமான ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரைப் போன்றோரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளன. அக்கட்டடத்திற்குக் கல் சுமந்தோரின் பெயர்கள் இடம்பெறவில்லை. 1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் மீட்டளிக்கப்பட்டபோதும், தண்டுப் பகுதி குடிமை - படை நிலையம் என்ற பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியின் கீழேயே இருந்தது. அது 1947இல் மைசூருக்குத் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின.

இந்நிருவாகப் பிரிவினை ஆய்வாளர்க்கு நேரடியான விளைவுடையது. ஏறத்தாழ ஏழு பத்தாண்டுகள் ஒரே நகரின் இரு பாதிகள் இருவேறு ஆட்சிகளால் எண்ணப்பட்டன. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெங்களூர் நகரின் மக்கள்தொகை 69,447; குடிமை - படை நிலையத்தின் மக்கள்தொகை 89,599. இரண்டும் சேர 1,59,046. பத்தாண்டுகளுக்கு முன்னர் 1891இல் இக்கூட்டுத்தொகை 1,80,366 ஆக இருந்தது. ஆக, 21,320 பேர் குறைந்துள்ளனர். ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிருவர்.

இக்குறைவுக்கு 1898இல் பரவிய பிளேக் நோயே காரணம் என்பது அக்கால அரசுத் தொகுப்புகளின் விளக்கம். எண் இவ்வளவு தூரம் நம்மை அழைத்து வருகிறது. இதற்கு மேல் அது நகர்வதில்லை. குறைந்தவருள் இறந்தவர் எத்தனை பேர், அஞ்சி ஊர் திரும்பியவர் எத்தனை பேர், திரும்பியவருள் மீண்டும் வந்தவர் யார் என்பவற்றை இரண்டு கூட்டுத்தொகைகளின் வேறுபாடு சொல்லாது. இடையில் புதிதாகக் குடியேறியோர் இருந்திருப்பின் உண்மையான இழப்பு இவ்வேறுபாட்டினும் மிகுதியாகவே இருந்திருக்கும். பெங்களூரின் பல பகுதிகளில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயருடைய சிறு கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. நோயின் பெயரையே தெய்வத்தின் பெயராக்கிக்கொண்ட மக்களின் நினைவு அக்கோயில்களின் திருவிழாக்களிலும் நேர்த்திக்கடன்களிலும் தங்கியிருக்கிறது. பஞ்சத்தையும் வெள்ளத்தையும் கொள்ளைநோயையும் பாடிய சிந்து, கும்மி நூல்களைத் தமிழாய்வாளர் நன்கு அறிவர். அவற்றைச் 'சுவை குறைந்த வெகுசன இலக்கியம்' என்று ஒதுக்கிவிட்டுப் பின் வரலாற்றுத் தரவு இல்லையே என்று வருந்துவது நம் துறையின் பழைய வழக்கம். நா. வானமாமலை இவ்வழக்கத்தை உடைத்தவர். வாய்மொழிப் பாடலைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை அவரது தொகுப்புகளும் 1969இல் அவர் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழும் நிறுவின.

எண்ணுக்கு முன் வரும் பெயர்

எண்ணுவதற்கு முன்பு எதை எண்ணுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். அம்முடிவு எண்ணால் ஆனதன்று. தாய்மொழி பற்றிய கணக்கெடுப்பு வினா இதற்குத் தக்க சான்று. 1881இல் தாய்மொழி எது என்று கேட்கப்பட்டது. 1891இல் பெற்றோர் மொழி எது என்று கேட்கப்பட்டது. 1901இல் வழக்கமாகப் பேசும் மொழி எது என்று கேட்கப்பட்டது. பிற்காலத்தில் வினா மீண்டும் தாய்மொழிக்கே திரும்பியது. ஒருமொழிச் சூழலில் இம்மூன்று வினாக்களுக்கும் விடை ஒன்றாகவே இருக்கலாம். தண்டுப் பகுதியின் தெரு ஒன்றில், வீட்டில் தமிழும் அண்டையில் தக்கணி உருதுவும் அலுவலகத்தில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் வழங்கும் குடும்பத்தில் மூன்று வினாக்களுக்கும் மூன்று விடைகள் வரக்கூடும். எனவே இக்கணக்கெடுப்புகளை வரிசையாக அடுக்கித் தமிழர் தொகை கூடிற்று, குறைந்தது என்று வரைபடம் வரைவோர், மாறியது மக்களா வினாவா என்பதை முதலில் தெளிய வேண்டும்.

விடைகளும் அப்படியே அச்சேறுவதில்லை. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,652 தாய்மொழிப் பெயர்கள் பட்டியலிடப்பட்டன. 2011இல் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவை சீர்செய்யப்பட்டு 1,369 தாய்மொழிகளாகவும், பின் 121 மொழிகளாகவும் தொகுக்கப்பட்டன. 'தமிழ்' என்னும் தலைப்பின் கீழ் இருளர் மொழி, எருகலா முதலியனவும் சேர்க்கப்பட்டுள்ளன. பத்தொன்பதாயிரத்தை நூற்றிருபத்தொன்றாக்குவது மொழியியல் அறிவும் நிருவாக முடிவும் கலந்த ஒரு விளக்கச் செயல். எண்களின் மேல் நாம் கொள்ளும் நம்பிக்கை, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பண்புசார் ஆய்வின் மேல் கொள்ளும் நம்பிக்கையே என்று கூறலாம்.

இவ்வுண்மையை ஆய்வுநெறி நூல்கள் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்னரே உணர்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஒடுக்கப்பட்ட மக்களை ஆதித்தமிழர் எனப் பதிய வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதாக அவரைப் பற்றிய ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. எத்தனை பேர் என்பதனினும் என்ன பெயரில் எண்ணப்படுகின்றனர் என்பதே அவர்க்கு முதன்மையாக இருந்தது. அவரது பௌத்த இயக்கம் கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் வேர்கொண்டது. அவர் 1914இல் மறைந்தபின் 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்து அப்பாதுரையாரால் நடத்தப்பெற்றது. 1931க்குப் பின்னர்ப் பத்தாண்டுக் கணக்கெடுப்புகளில் முழுமையான சாதி அட்டவணை வெளிவரவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் அது இடம்பெறும் என 2025இல் மத்திய அரசு அறிவித்தது. அயோத்திதாசர் எழுப்பிய வினா அப்போது மீண்டும் எழும்.

எழுத்தறிவு பற்றிய பத்தியும் தமிழ்த்துறையினர் கூர்ந்து நோக்க வேண்டியது. ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் எழுத்தறிவு பெற்றவர் என்பது கணக்கெடுப்பின் வரையறை. பெங்களூர்த் தமிழருள் இளைய தலைமுறையினர் பலர் தமிழ் பேசுவர். கன்னடமும் ஆங்கிலமும் எழுதுவர். தமிழ் எழுத்தை அறியார். இவர்கள் தாய்மொழிப் பத்தியில் தமிழராகவும் எழுத்தறிவுப் பத்தியில் எழுத்தறிந்தோராகவும் பதிவாகின்றனர். இரண்டு பத்திகளும் பிழையற்றவை. இரண்டையும் அருகருகே வைத்துத் தமிழ் வாசகர் தொகையைக் கணக்கிடுபவர் மட்டும் பெரும்பிழை செய்வார். ஒரு மொழிச் சமூகம் தன் எழுத்தை இழந்துவரும் நிகழ்வு, நாட்டின் மிகப் பெரிய புள்ளிவிவரத் தொகுதியில் எவ்விடத்தும் பதிவாகாமலே நடந்தேறிவிடக்கூடும். இதனை அறிய வீட்டுக்குள் நுழைந்து, தாத்தாவின் பழைய கடிதத்தைப் பெயரனால் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. அச்சூழலை அறிந்த ஒருவர், கதவைத் தட்டும் அறியாத அலுவலரிடம் எந்த மொழியைத் தன் மொழி என்று சொல்வார் என்பதும் வினாநிரலால் அளக்கவியலாதது. சொல்லப்பட்ட விடையை மட்டுமன்றி, சொல்லுமுன் நிகழ்ந்த தயக்கத்தையும் பதிவுசெய்யும் வாய்ப்பு நேர்காணலுக்கு மட்டுமே உண்டு.

இரு நெறிகளின் வழித்தடம்

மேலைநாட்டில் இவ்விரு நெறிகளும் தொடக்கத்தில் பகைகொண்டிருக்கவில்லை. இலண்டன் மக்களின் வறுமையை ஆராய்ந்த சார்லஸ் பூத் நூற்றுக்கு 30.7 பேர் வறியோர் என்று கணக்கிட்டார். தெருக்களுக்கு வறுமை நிலைக்கேற்ப வண்ணம் தீட்டிய நிலப்படத்தையும் வெளியிட்டார். அவருடைய குழுவினர் காவலர்களுடன் தெருத்தெருவாக நடந்து எழுதிய குறிப்பேடுகளும் எஞ்சியுள்ளன. இன்றைய வரலாற்றாசிரியர் அவ்விழுக்காட்டினும் குறிப்பேடுகளையே பெரிதும் நாடுகின்றனர். பாஸ்டன் நகரின் இத்தாலியக் குடியிருப்பில் தங்கி ஆராய்ந்து வில்லியம் ஃபூட் வைட் 1943இல் வெளியிட்ட தெருமுனைச் சமூகம் பற்றிய நூல் பண்புசார் ஆய்வின் முன்மாதிரியாகப் போற்றப்படுவது. அதில் இளைஞர் குழுவினர் பந்துருட்டு ஆட்டத்தில் எடுத்த புள்ளிகளும் இடம்பெறுகின்றன. குழுவில் யார் தலைவர், யார் கடையர் என்னும் வரிசையும் ஆட்டப் புள்ளிகளின் வரிசையும் ஒத்திருந்ததை வைட் கண்டார். எண் அங்கே உறவைக் காட்டும் சான்றாயிற்று.

ஆஸ்டின் டவுனை அறிந்தோர்க்கு இச்செய்தி அயலானதாகத் தோன்றாது. கால்பந்தாட்டத்தில் தோய்ந்த பகுதி இது. நந்தன் மைதானம் இதன் அடையாளங்களுள் ஒன்று. எந்த அணியில் எந்தத் தெருவினர் ஆடினர், எவர் பந்து வாங்கிக் கொடுத்தார், தோற்றபின் சண்டை எவ்வாறு தீர்ந்தது என்பவற்றைக் கேட்டு எழுதினால் அப்பகுதியின் சாதி, சமயம், தொழில் ஆகியவற்றின் உள்ளமைப்பு புலப்படும். நந்தன் என்ற பெயர் தமிழறிஞர் காதில் என்னென்ன எழுப்பும் என்பதையும் இவ்விடத்தில் சொல்லத் தேவையில்லை. நம் ஆய்வேடுகளுள் விளையாட்டைச் சமூக வரலாற்றுத் தரவாகக் கொண்டவை மிக அரிது.

தமிழகத்தில் அளவுசார் ஆய்வின் வரலாறு கில்பர்ட் சிலேட்டரிலிருந்து தொடங்குகிறது எனலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியரான அவர் மாணவர்களைக் கொண்டு சிற்றூர்களை ஆராய்ந்து 1918இல் நூலாக்கினார். அவ்வூர்களைப் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் மீண்டும் ஆராய்ந்து 1940இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றான இருவேல்பட்டு 1980களிலும் 2008இலும் மறுபடி ஆராயப்பட்டது. ஒரே ஊரைப் பற்றி ஏறத்தாழ நூறாண்டுத் தரவு கிடைப்பது அரிய பேறு. நிலவுடைமையும் கூலியும் மாறிய வரலாறு அதனால் தெளிவாயிற்று. பெங்களூர்த் தமிழ்க் குடியிருப்புகளுக்கு இத்தகைய தொடர்வரிசை வாய்க்கவில்லை.

மைசூரைச் சேர்ந்த எம்.என். சீனிவாஸின் அனுபவம் மறுமுனையில் நிற்பது. மைசூருக்கு அருகிலுள்ள சிற்றூரில் 1948இல் தங்கி அவர் திரட்டிப் பதினெட்டு ஆண்டுகளாகச் சீர்செய்த களக்குறிப்புகளின் மூன்று படிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் நிகழ்ந்த தீவைப்பில் சிக்கின. அதன்பின் நினைவை முதன்மையாகக் கொண்டு அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்து இந்தியச் சமூகவியலின் செவ்வியல் நூல்களுள் ஒன்றாயிற்று. அட்டவணைகள் எரிந்திருந்தால் இது இயலுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் நினைவு தேர்ந்தெடுக்கும் இயல்புடையது. எதை விட்டுவிட்டது என்பதை நினைவால் அறிய முடியாது. சீனிவாஸின் நூலைப் போற்றுவோர் அதனை நெறிமுறைத் தளர்ச்சிக்கு உரிமமாகக் கொள்வது சரியன்று. நூல்வழி நோக்கு, களவழி நோக்கு என்று அவர் செய்த பாகுபாடே நமக்குப் பெரிதும் பயன்படுவது. அவர் 1972இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற சமூக - பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தமிழாய்வில் நேரும் இடர்கள்

தமிழ்த்துறை ஆய்வேடுகளில் கடந்த சில பத்தாண்டுகளில் ஒரு கலப்பு நெறி பரவியுள்ளது. ஐம்பது பேரிடம் வினாநிரல் கொடுத்து, நூற்றுக்கு 62 பேர் இவ்வாறு கருதுகின்றனர் என்று அட்டவணை அமைப்பது அது. ஐம்பதின்மர் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டனர் என்ற குறிப்பு இராது; பெரும்பாலும் ஆய்வாளரின் உறவினரும் நண்பருமாக இருப்பர். நிகழ்தகவு மாதிரியன்றி எடுக்கப்பட்ட விழுக்காடு அந்த ஐம்பதின்மரைப் பற்றி மட்டுமே பேசும். இதில் அளவுசார் ஆய்வின் துல்லியமும் இல்லை. பண்புசார் ஆய்வின் ஆழமும் இல்லை. அதே உழைப்பில் ஐந்து பேரின் வாழ்க்கை வரலாற்றை முழுமையாகக் கேட்டிருந்தால் ஆய்வேடு தரவு நூலாகவேனும் நிலைத்திருக்கும். தொ. பரமசிவனின் 'அழகர்கோயில்' இத்தகைய அட்டவணைகளால் நிலைபெறவில்லை. கல்வெட்டையும் இலக்கியத்தையும் களத்தில் கேட்ட வாய்மொழியையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்ததால் நிலைபெற்றது.

வாய்மொழித் தரவுக்கும் அதற்குரிய இடர்கள் உண்டு. இரட்டை வழக்குடைய மொழியில் அவ்விடர் கூடுதலானது. "எங்க தாத்தா மிலிட்டரியில இருந்தாரு" என்று தண்டுப் பகுதித் தகவலாளர் ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். ஆய்வாளர் அதனை, "என் பாட்டனார் இராணுவத்தில் படைவீரராகப் பணியாற்றினார்" என்று எழுத்துத் தமிழாக்கிவிடுகிறார். தண்டில் 'மிலிட்டரியில் இருந்தவர்' சிப்பாயாக இருக்கலாம்; சமையற்காரராக, குதிரைக்காரராக, சலவைத் தொழிலாளராக, தளவாடக் கிடங்கின் கூலியாளாகவும் இருக்கலாம். அச்சொல்லின் பரப்பே ஒரு வரலாற்றுச் செய்தி. தொழிலின் தாழ்வை மறைத்து நிறுவனத்தின் உயர்வைப் பற்றிக்கொள்ளும் முயற்சி அதில் உண்டு. திருத்தி எழுதிய வாக்கியத்தில் அது அழிந்துவிடுகிறது. பேச்சு வழக்கைப் 'பிழை'யாகக் கருதிப் பழகிய தமிழாசிரியர் மனம் களத்தில் நமக்கே தடையாகிறது. பதிவை உள்ளவாறே பெயர்த்தெழுதிப் பின்னிணைப்பாகத் தருவதும், ஒலிப்பதிவைத் துறையில் ஒப்படைப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். 1990களில் ஒலிநாடாக்களில் பதிவான நேர்காணல்கள் பல ஆய்வாளர் வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றில் பேசியவர்களை இனிக் கேட்க இயலாது.

வயதையும் ஆண்டையும் பற்றிய விடைகளில் இரு நெறிகளும் ஒருங்கே இடறுகின்றன. கணக்கெடுப்பு அட்டவணைகளில் 40, 45, 50 என ஐந்திலும் சுழியிலும் முடியும் வயதுகளில் மக்கள் குவிந்திருப்பதைப் புள்ளியியலார் நன்கு அறிவர். அகவை உறுதியாகத் தெரியாதோர் முழு எண்ணைச் சொல்லுவதன் விளைவு அது. இதனைச் சரிசெய்யப் போர், வெள்ளம், தேர்தல் முதலிய உள்ளூர் நிகழ்வுகளின் பட்டியலைக் கணக்கெடுப்பாளர் கையில் கொடுப்பதுண்டு. 'தாது வருடத்துப் பஞ்சத்தில் பிறந்தவர்' என்று முன்னோர் சொல்லிய முறையே இங்கு எண்ணுக்குத் துணையாக அழைக்கப்படுகிறது.

ஆஸ்டின் டவுன் போன்ற பகுதியில் இவ்விணைப்பைத் தொடங்கத் தக்க இடம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்பது என் கருத்து. 1982ஆம் ஆண்டு கோகாக் கிளர்ச்சிக்குப் பின் கருநாடகப் பள்ளிகளின் மொழிநிலை மாறியது. பெங்களூரில் தமிழ்வழிக் கல்வி சுருங்கியது. ஆண்டுவாரியாகத் தமிழ்வழியில் சேர்ந்த பிள்ளைகளின் தொகையைப் பதிவேட்டிலிருந்து எடுத்து அட்டவணையாக்கலாம். எந்த ஆண்டில் தொகை சட்டென்று சரிந்ததோ அந்த ஆண்டில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோரைத் தேடிச் சென்று, அவ்வாண்டு வீட்டில் என்ன பேசிக்கொண்டனர் என்று கேட்க வேண்டும். அரசாணைக்கு அஞ்சினரா, ஆங்கிலவழியை விரும்பினரா, ஆசிரியர் ஓய்வுபெற்றபின் வேறொருவர் அமர்த்தப்படாமையால் வேறு வழியின்றிச் சென்றனரா என்பதை அவர்களே அறிவர். தந்தையரை மட்டும் கேட்டால் அரசியல் விடை கிடைக்கும்; பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற தாயரைக் கேட்டால் பள்ளியின் தூரம், கட்டணம், அண்டை வீட்டார் பேச்சு ஆகியன வெளிப்படும். 1980களின் தொடக்கத்தில் முப்பது அகவை நிரம்பிய தாயர் இன்று எழுபதைக் கடந்தவர்கள்.